கடைசி மூன்று ரீல்

செஞ்சியிலிருந்து ஒன்பதரை மணிக்குக் கிளம்பும் கடைசி பஸ்ஸில் போனவர்கள் யாருக்கும், எந்தப் படத்திலும் பேய் யாரென்று தெரியாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டூரிங் டாக்கீஸில் முதல் ஆட்டம் முடியப் பத்தேகால் ஆகும். மேல்சித்தாமூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு அதற்கப்புறம் வண்டி கிடையாது. ஒன்பதரை பஸ்ஸை விட்டால் விடியும்வரை பஸ் ஸ்டாண்டில் கொசுக்கடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே கடைசி மூன்று ரீல் எங்களுக்கு இல்லை.

மற்றப் படங்களுக்கு இது ஒரு நஷ்டமே அல்ல. காதல் படம் என்றால் கல்யாணம் ஆகிவிடும். சாமி படம் என்றால் சாமி வந்துவிடும். பாதியில் எழுந்து வந்தாலும் மனசு உறுத்தாது. ஆனால் அறுபதுகளில் வேறொரு வகைப் படம் வந்துகொண்டிருந்தது. பாழடைந்த பங்களா, மழை, கொலுசுச் சத்தம், வெள்ளைச் சேலை. நடுவில் தொடை நடுங்கும் ஒரு வேலைக்காரன். அவன் நடுங்குவதைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டும். பேய் நிஜப் பேய் இல்லை, வீட்டிலிருக்கிற யாரோ போடும் வேஷம் என்பது நாலாவது ரீலுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். யார் என்பதுதான் கேள்வி. பதில் அந்தக் கடைசி மூன்று ரீலில் இருக்கும்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. செஞ்சியில்தான் பள்ளிக்கூடம். ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இன்றைக்கும் அப்படித்தான். "போனா போவுது, வுடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

படம் பார்ப்பதில் எங்கள் வீட்டுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், விளக்கு வைத்த பிறகு எதுவும் கிடையாது. பக்கத்து வீடுகளில் அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில் எங்கள் அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சாப்பிட்டு, ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால், ராஜகிரி மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்ப் படம் போடும் நேரத்துக்குக் கொட்டகையில் இருக்கலாம். அமாவாசையில் மட்டும் போக முடியாது. அன்று அங்காளம்மன் கோயில் கூட்டத்துக்காக வண்டிகளையெல்லாம் மேல்மலையனூருக்குத் திருப்பிவிடுவார்கள்.

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர். நானும் அம்மாவும் இந்தப் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்திருப்போம். நைனா அந்தப் பக்கம். எங்கள் பக்கம் நடக்கும் கூத்தைப் பார்ப்பதற்கே தனியாக டிக்கெட் வாங்கலாம். பேய் வந்தால் 'ஐயோ' என்று முன்னால் இருப்பவளின் முதுகில் முகம் புதைப்பார்கள். அடுத்த நிமிஷம் வேலைக்காரன் தன் நிழலைக் கண்டு தானே ஓடினால், அதே வாயால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பயமும் சிரிப்பும் இத்தனை பக்கத்தில் எப்படி இருக்கின்றன என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நானும் அப்படித்தான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்த பிறகு பார்த்தால், அம்மாவின் முந்தானை என் கையில் கசங்கிக் கிடக்கும்.

ஒன்பதேகாலுக்கு நைனா எழுந்து நின்று துண்டை உதறுவார். கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். துண்டை உதறியதும் அங்கங்கே இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்திருப்பார்கள். எல்லோரும் அதே பஸ். மறைக்காதே என்று பின்னாலிருந்து கத்துவார்கள்.

அப்புறம் பஸ்ஸில் பஞ்சாயத்து. கண்டக்டர் படமே பார்க்காதவர், ஆனால் கதையை மட்டும் எங்களிடம் கேட்டுக்கொண்டு முதல் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"சமையக்காரன்தான். எல்லா ரூம் சாவியும் அவங்கிட்டதான இருக்குது?"

அம்மாவின் வழி வேறு. "அந்த டாக்டரு எல்லார்கிட்டயும் அவ்ளோ நல்லவனா பேசறானே. அப்டி பேசறவன நம்பக் கூடாது."

நைனாவைக் கேட்கவே வேண்டாம். கதையில் அண்ணன் என்று ஒருவன் இருந்தால் போதும். "அண்ணன்காரன்தான்" என்பார். அப்படிச் சொன்னதும் பஸ்ஸில் பேச்சு சற்று நேரம் நின்றுபோகும், ஏனென்றால் நைனாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது அந்த வண்டியில் எல்லோருக்கும் தெரியும்.

சண்டை ஒரு வாக்கியத்தில் வந்தது. எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வைக்கக் கரண்ட் கனெக்‌ஷன் வந்த நாளில், லைன்மேன் நைனாவைப் பார்த்து ஏதோ கேட்டிருக்கிறார். பெரியப்பா முந்திக்கொண்டு, "அவனுக்கு இன்னா தெரியும், என்னக் கேளு" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் ஆயிரம் தடவை சொன்னதுதான். அன்று ஊரே கூடி நின்றது. நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர், அப்புறம் அண்ணனிடம் பேசவில்லை. பெரியப்பா செஞ்சியில் பாத்திரக்கடை வைத்துக் குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார். நாலு வருஷம். அதற்கு முன்பு ஒரு படம் விடாமல் சேர்ந்து பார்த்தவர்கள்.

அந்தக் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு முள்வேலி, அதைத் தாண்டினால் டூரிங் டாக்கீஸ். தினமும் பள்ளி விட்டதும் நான் பஸ்ஸுக்கு நிற்பது அந்தக் கடைக்கு நேர் எதிரில். நிற்கலாம், போகக் கூடாது. அது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

ஒரு திங்கட்கிழமை அந்தச் சட்டத்தை மீறினேன். சனிக்கிழமை பார்த்த படத்தின் பேய் யாரென்று வகுப்பில் மூன்று பெண்களைக் கேட்டேன். மூன்று பேரும் முடிவு பார்த்தவர்கள். ஒருத்தி தோட்டக்காரன் என்றாள், ஒருத்தி மாமா என்றாள், ஒருத்தி டிரைவர் என்றாள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டது என் தப்பு. அன்று மாலை ரோட்டைக் கடந்து பெரியப்பா கடைப் படியில் போய் நின்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா?"

"பெரியப்பா, அந்தப் படத்துல பேய் யாரு?"

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு குடத்தை எடுத்து அதற்குள் வாயை வைத்து ஊளையிட்டார். கரண்டிக் கொத்தைக் குலுக்கினார், கொலுசு வந்தது. அலுமினியத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்து உதறினார், இடி இடித்தது. அண்டா வாங்க வந்திருந்த அம்மாள் ஒருத்தி இரண்டடி பின்னால் போனாள். கடைசியில் திருடன் குரலில், எப்படியெல்லாம் சொத்துக்காகப் பேய் வேஷம் போட்டான் என்பதை ஒப்பித்து முடித்தார். மாமாதான். எனக்குக் காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு பேய்ப் படத்துக்கும் திங்கட்கிழமை கடைக்குப் போனேன். முடிவைச் சொல்வதற்கு முன் பஸ்ஸில் யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்று பெரியப்பா கேட்டுக்கொள்வார். கண்டக்டரின் சமையற்காரனுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பார். மறுநாள் காலை நான் முடிவைக் கண்டக்டருக்குச் சொல்வேன், அவர் வண்டி முழுக்கப் பரப்புவார். வீட்டில் அம்மாவிடம் சொல்வேன். எங்கே கேட்டாய் என்று அம்மா கேட்டதே இல்லை. "கடையில கூட்டம் இருந்துதா? ஆளு இளச்சிருக்காரா?" என்பதோடு சரி. நான் முடிவைச் சொல்லும்போதெல்லாம் அடுத்த அறையில் நைனா ரேடியோ சத்தத்தைக் குறைப்பார்.

பெரியப்பாவிடம் ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. அவர் சொல்லும் கதையில் சத்தம் எல்லாம் இருக்கும், கதவு கிறீச்சிடுவதிலிருந்து ஆந்தை கத்துவது வரை. ஆனால் பேய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டால் விழிப்பார். வேலைக்காரன் என்ன சேஷ்டை செய்தான் என்று கேட்டால், "அப்ப ஜனம் சிரிச்சுது" என்பார். எதற்குச் சிரித்தது என்றால், "சிரிச்சுது, அவ்ளோதான்" என்று அடுத்த பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பிப்பார். வயதானவர், மறந்திருப்பார் என்று நினைத்தேன். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

பிறகு அந்தப் படம் வந்தது. சொல்லப்போனால் நான் பார்த்ததிலேயே நன்றாகப் பயமுறுத்தி நன்றாகச் சிரிக்கவைத்த படம் அதுதான். பங்களாவில் ஒரு தம்பி, அவன் அண்ணன், ஒரு டாக்டர், ஒரு சமையற்காரன். பியானோ தானாக வாசிக்கும். அதைக் கேட்டு வேலைக்காரன் பயத்தில் தாளம் தப்பாமல் நடுங்குவான். பஸ்ஸில் அன்று பஞ்சாயத்து எங்கள் ஊர் வரும்வரை ஓயவில்லை. கண்டக்டர் சமையற்காரன், அம்மா டாக்டர். நைனா, "அண்ணன்காரன்தான், இன்னா சந்தேகம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை பெரியப்பா வழக்கம்போல் கேட்டார். "உங்க நைனா யாரச் சொன்னான்?"

பதில் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் இருந்தேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அண்ணன்காரன்தானாம். நைனா எல்லாப் படத்துலயும் அண்ணன்காரனத்தான் சொல்லுது."

சொம்பைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுபோனது. இத்தனை மாதமாக நைனாவின் சந்தேகத்தை மட்டும் நான் மழுப்பி வந்திருந்தேன், அதை அன்று போட்டு உடைத்துவிட்டேன். பெரியப்பா சொம்பை அலமாரியில் வைத்தார். குடத்தை எடுக்கவில்லை.

"இந்தப் படத்துக்கு உனக்குச் சொல்ல மாட்டேன். உங்க நைனாவ வந்து கேக்கச் சொல்லு."

பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். பேய் யாரென்று தெரியாததற்குப் பாதி, வாயை விட்டதற்குப் பாதி. நாலு வருஷத்தில் யாரும் கேட்காத ஒன்றைப் பெரியப்பா கேட்டுவிட்டார். நைனா போகாவிட்டால் இனி நானும் அந்தப் படியேற முடியாது என்று எனக்கு விளங்கிவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். ரேடியோ சத்தம் குறைந்தது, அப்புறம் நின்றே போனது. செவ்வாய்க்கிழமையிலிருந்து கண்டக்டர் தினமும் எங்கள் ஊர் நிறுத்தத்தில் படியில் தொங்கிக்கொண்டே, "பாப்பா, பேய் யாருன்னு கேட்டாச்சா?" என்று கேட்பார். புதன்கிழமை நைனா காதிலேயே விழும்படி கேட்டார். வியாழக்கிழமை, படம் ஞாயிற்றுக்கிழமையோடு மாறுகிறது என்று மாட்டுவண்டியில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா பெரிய தவலையை எடுத்து நைனா முன்னால் வைத்தாள்.

"இது ஒழுவுது. செஞ்சிக்குப் போயி பத்த வச்சிக்கினு வாங்க."

செஞ்சியில் பாத்திரம் பற்றவைக்க வேறு இரண்டு கடைகள் இருந்தன. நைனா அதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். யாரும் கூப்பிடாமலே நானும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நைனா கடை வாசலில் நின்றார், படியேறவில்லை. தவலையை மட்டும் நீட்டினார். பெரியப்பா வாங்கிக்கொண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெரியப்பா தவலையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி உள்ளே பார்த்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"ஓட்டை எங்க?" என்று தவலையைக் கேட்டார்.

நைனா என்னைப் பார்த்தார். நான் ராஜகிரி மலையைப் பார்த்தேன். அம்மா செய்த வேலை அவருக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பி நடப்பதற்கு அது நல்ல சந்தர்ப்பம்தான். எந்தப் படத்துக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

நைனா தொண்டையைச் செருமினார்.

"பேய் யாரு?"

நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பெரியப்பா தவலைத் தண்ணீரை வாசலில் கொட்டினார். தவலையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு இன்னா தெரியும்?"

நைனா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எங்கடா படம் பாத்தேன்? இந்த நாலு வருஷத்துல கொட்டாய்க்குள்ளயே போவல. தோட்டத்துல கட்டில் போட்டுப் படுத்தா வசனம் எல்லாம் காதுல வுழும். எல்லாப் படத்துலயும் திருட்டுப் பய மாட்டிக்கினதும் அவனே எல்லாத்தையும் சொல்லிடுவான். இதுல ஒருத்தனும் வாயே தொறக்கல. சீலைய இழுத்த சத்தம் வந்துது. ஜனம் ஆன்னுச்சி. அப்புறம் ஒரே சிரிப்பு. பத்து நாளா கேக்கறேன், யாருன்னு தெரியல."

"யாரையாவது கேக்கறது" என்றார் நைனா.

"கேட்டா, வீட்டுப் பின்னால கொட்டாயி, நீ பாக்கலியான்னு கேப்பான். இன்னா சொல்றது? தனியா பாக்க எனக்குப் பயம்னு சொல்லவா?"

"ஆமா" என்றார் நைனா. "பேய் வந்தா என் கையப் புடிச்சி நசுக்குவ. மறுநாளு ஏர் புடிக்க முடியாது."

பெரியப்பா சிரித்தார். குடத்துக்குள் சிரிப்பதுபோல் ஒரு சிரிப்பு. நைனா படியேறினார்.

அப்புறம் நடந்ததில் எனக்கு அநியாயம் இழைக்கப்பட்டது. ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் இறங்கத் தொடங்கியதும் பெரியம்மா இலை போட்டுவிட்டாள். எங்கள் ஊரில் இன்னும் அரைமணி வெளிச்சம் இருக்கும் என்று நைனா சொல்லிப் பார்த்தார். செஞ்சியில் மலை மறைத்தால் பொழுது போய்விட்டதாகத்தான் அர்த்தம் என்று பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டதும் இருவரும் கொட்டகைக்குக் கிளம்பினார்கள். வீட்டில் அம்மா தேடுவாள், தகவல் சொல்ல வேண்டும் என்று என்னை மட்டும் ஆறு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அந்த முடிவுக்காக ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தவள் நான்.

மறுநாள் காலை செஞ்சியிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் நைனா வந்து இறங்கினார். ஒன்பதரை பஸ் இரவில் எங்கள் ஊரிலேயே தங்கும்; நம் கண்டக்டர், காலையில் கிளம்ப வேண்டிய அந்த வண்டியை நிறுத்திவைத்துவிட்டு நின்றிருந்தார். நான் அம்மாவோடு நின்றிருந்தேன். பஸ்ஸுக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. நைனா கையில் அந்தத் தவலை, அதற்குள் பெரியம்மா கொடுத்த அதிரசம்.

"யாரு?" என்றார் கண்டக்டர். பேய் என்றுகூடச் சொல்லவில்லை.

நைனா தலையைச் சொறிந்தார். "பாக்கல."

"பாக்கலியா? கடைசி வரைக்கும் அங்கதான இருந்தீங்க?"

"இருந்தோம். பேசிக்கினே இருந்துட்டோம். லைட்டு போட்டப்புறம்தான் பாத்தோம், எல்லாரும் எழுந்து போறாங்க."

கண்டக்டர் விசிலை ஊதிய ஊதில் அவர் கோபம் முழுவதும் இருந்தது. வண்டி போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதிரசத்தைத் தொடவில்லை. அன்று இரவோடு படப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது.

அந்தப் படத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது ஒரு கடிதம் போட்டு முடிவைச் சொல்லிவிடுவார்கள். பிற்காலத்தில் டி.வி.யில் ஒருமுறை அது வந்தது. பியானோ தானாக வாசித்தது, வேலைக்காரன் தாளம் தப்பாமல் நடுங்கினான், வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசி மூன்று ரீல் வரும் சமயம் எழுந்து போய் டி.வி.யை அணைத்துவிட்டேன். வாழ்நாளில் விடை தேடாமல் நான் விட்ட ஒரே கேள்வி அது. காரணம், அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த பிறகு அம்மா கேட்ட கேள்விக்கு நைனா சொன்ன பதில்தான்.

தவலையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப பேய் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாதா?"

"யாருன்னு தெரியாது" என்றார் நைனா. "ஆனா அண்ணன்காரன் இல்ல."

"படத்தப் பாக்கலன்னு சொன்னீங்க?"

"அதுக்குப் படம் பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டு நைனா மோட்டார் போடக் கிணற்றுக்குப் போனார்.